எமிரேட்ஸ் விமானங்களும் நம்ம ஊர்ச் சரக்கும்: திருவனந்தபுரத்துக்கு எந்த விமானம் வருது?

#1 | தூத்தூர்க் கரை

எல்லாருக்கும் வணக்கம். துபாயில் 19 வருஷம் விமானச் சரக்குப் பக்கம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். கடைசி எட்டு வருஷம் லோடு கன்ட்ரோல். எந்தப் பெட்டி எந்த இடத்தில் ஏறணும், முன்பாரம் பின்பாரம் சரியா என்று கணக்குப் போடுகிற வேலை.

சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்தால், காற்று வாகாக இருக்கிற நாளில் திருவனந்தபுரத்து 32-ம் ரன்வேக்கு இறங்கும் விமானங்கள் நம்ம கரையை ஒட்டியே போவது தெரியும். போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு கேள்வி கேட்டான். "எமிரேட்ஸ்காரங்ககிட்ட இத்தனை சரக்கு விமானம் இருக்கே மாமா, ஒண்ணைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினா நம்ம மீனும் பூவும் போகாதா?" நல்ல கேள்விதான். அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் பதில் இதுதான்: நமக்குச் சரக்கு விமானம் தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சரக்கு அதன் வயிற்றில், அதாவது ஆட்களுக்குக் கீழே உள்ள அறையில் போகிறது; மேலே ஆட்கள் உட்கார்ந்திருப்பதால் அதை நாம் பயணி விமானம் என்கிறோம்.

எமிரேட்ஸ் 1985 அக்டோபர் 25-ல் பாகிஸ்தான் நிறுவனத்திடம் வாடகைக்கு வாங்கிய விமானங்களோடு கராச்சிக்குப் பறந்து தொடங்கியது. இன்றைக்குச் சுமார் 260 விமானம். அதில் உள்ள அதிசயம், அத்தனையும் அகல உடல் விமானம். ஒரே ஒரு நடைபாதை உள்ள சின்ன விமானம் ஒன்றுகூடக் கிடையாது. 2016-ல் ஏ330, ஏ340 எல்லாவற்றையும் ஓய்வுக்கு அனுப்பிய பிறகு எட்டு வருஷம் பயணிகளுக்கு போயிங் 777, ஏர்பஸ் ஏ380 என்று இரண்டே வகைதான். 2024 நவம்பரில் முதல் ஏ350-900 வந்தது; 2025 ஜனவரி 3-ல் எடின்பரோவுக்கு முதல் பயணம். இவை போக ஸ்கைகார்கோ பிரிவுக்கென்று 777எஃப் சரக்கு விமானங்கள். தரையில் பெட்டி ஏற்றி இறக்குவது 1959-ல் தொடங்கிய டினாட்டா, அதுவும் இதே குழுமம்தான்.

நம்ம பக்கம் வருவது 777. அதனால்தான் இந்த இழையே.

#2 | தோவாளைப் பிச்சி

அண்ணே, இந்த விஷயத்தை யாரிடம் கேட்பது என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தோவாளையில் எங்கள் குடும்பத்துக்குப் பூ வியாபாரம். பிச்சி, மல்லி, கொஞ்சம் மாலை. வளைகுடாவுக்கு ஏஜென்ட் வழியாக அனுப்புகிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிட்டது. பெரிய விமானம் என்று பதிந்திருந்தோம், வந்தது சின்னது. 60 பெட்டியில் 22 பெட்டி மட்டும் ஏறியது. மீதி 38 பெட்டி கார்கோ கொட்டகையில் கிடந்து மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்தபோது மேலே வைத்த வாழை இலை பச்சையாகத்தான் இருந்தது. இலையை எடுத்தால் பிச்சி மொட்டெல்லாம் விரிந்து, ஓரம் பழுத்த நிறம். கையில் எடுத்தால் நனைந்த துணி மாதிரி ஒட்டியது. வாசனை மட்டும் அப்படியே இருந்தது. அம்மா ஒரு பெட்டியைக்கூட மூடவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சின்ன விமானத்தில் ஏன் ஏறவில்லை என்று கேட்டதற்கு "இடமில்லை" என்று ஒரே வார்த்தை. ஆள் எண்ணிக்கை குறைவுதானே, அப்புறம் ஏன் இடமில்லை?

#3 | தூத்தூர்க் கரை

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள் தங்கச்சி. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்களுக்கு அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் உள்ளதைச் சொல்லியிருக்கணும்.

போயிங் 737-800 மாதிரி விமானத்தின் வயிறு மொத்தம் 44 கன மீட்டர் அளவுதான். அதில் கன்டெய்னர் ஏறாது. ஆள் உள்ளே போய், நிமிர முடியாமல் முட்டி போட்டு, ஒவ்வொரு பெட்டியாகக் கையால் அடுக்கணும். 180 சொச்சம் பேர், நம்ம ஆட்கள் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு வருகிறவர்கள், அவர்கள் சாமான் ஏறினாலே முக்கால்வாசி முடிந்தது. மீதி மூலையில்தான் உங்கள் 22 பெட்டி போயிருக்கும்.

நம்ம பக்கம் வருகிற 777-300ஈஆர் (நீண்ட தூரம் பறக்கிற 777 வகை) வயிறு 200 கன மீட்டர். எல்டி3 என்கிற அலுமினியக் கன்டெய்னரில் 44 போகும். ஒரு எல்டி3 நாலே கால் கன மீட்டர் பிடிக்கும், ஒரு பக்கம் கீழே சரிவாக வெட்டியிருக்கும், விமானத்தின் வளைவுக்கு ஏற்ற மாதிரி. கன்டெய்னரைக் கொட்டகையிலேயே நிதானமாக அடுக்கி மூடி, வண்டியில் இழுத்து வந்து, உருளை மேல் தள்ளிவிட்டால் தானே உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். பூப்பெட்டி வெயிலில் நிற்கிற நேரம் குறைவு. கன்டெய்னருக்குப் பதிலாகப் பேலட் என்கிற தட்டையான பலகை வைத்து, மேலே வலை போட்டும் ஏற்றலாம்.

அதற்காகச் சின்ன விமானத்தை நான் குறை சொல்லவில்லை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005 ஏப்ரல் 29-ல் தன் முதல் பயணத்தைத் தொடங்கியதே திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குத்தான். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், டிரைவர் எல்லாம் வருஷம் ஒரு தடவை ஊர் பார்க்க முடிந்தது அந்தக் கட்டணத்தால். ஆனால் பூவுக்கும் மீனுக்கும் அது வழி இல்லை.

#4 | மார்த்தாண்டம் தேன்கூடு

அண்ணாச்சி சொல்வதில் பாதியை நான் ஏற்கமாட்டேன், மரியாதையோடுதான் சொல்கிறேன்.

பயணி விமானத்தின் வயிற்றையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று 2020-ல் பார்த்தோம். மார்ச் கடைசியில் பன்னாட்டுப் பயணி விமானம் எல்லாம் நின்றது. அன்றோடு சரக்குக்கும் வழி அடைபட்டது. மட்டி வாழை, செவ்வாழை, ஏத்தங்காய், மரச்சீனி, முருங்கை எல்லாம் இங்கே கேட்க ஆளில்லாமல் கிடந்தது. அங்கே நம்ம ஆட்கள் காய்கறிக்கு அலைந்தார்கள். எனக்கு அப்போது குலசேகரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் ஏத்தன் வாழை. குலை வெட்டின கூலிகூடக் கிடைக்கவில்லை, பாதியை மாட்டுக்குப் போட்டேன்.

மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சரி, சந்தோஷம். ஆனால் பழுத்தால் ரொம்ப நாள் தாங்காத பழம் அது. ஆள் போகிறாரா இல்லையா என்பதைப் பொறுத்து அது போகணும் என்றால் எப்படி? வாரத்துக்கு ஒரு சரக்கு விமானம், நிச்சயமான நாளில் வந்தால் நம்மால் அதற்கேற்ப அறுவடை செய்ய முடியும்.

#5 | ஆரல்வாய்மொழிக் காற்று

இதில் அரசு விதி ஒன்றும் இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. சரக்கு விமானத்துக்கு இந்தியா 1990-களிலிருந்தே வாசலைத் திறந்து வைத்திருந்தது. 2020-ல் அதைச் சுருக்கினார்கள். அட்டவணை இல்லாமல் தனியாக வருகிற வெளிநாட்டுச் சரக்கு விமானங்கள் டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு நிலையங்களுக்கு மட்டும் என்று ஆனது. அதனால் "ஒண்ணை அனுப்பினா என்ன" என்பது அவர்கள் மட்டும் முடிவு செய்கிற காரியம் இல்லை. மார்த்தாண்டம் நண்பர் கேட்பது நியாயம், ஆனால் கேட்கவேண்டிய இடம் துபாய் அல்ல, டெல்லி.

#6 | தூத்தூர்க் கரை

காற்று சொன்னது சரியான தகவல். தேன்கூடு நண்பருக்கும் பதில் சொல்லணும், அவர் வாழைத்தோட்டத்தைச் சொன்ன பிறகு மேலோட்டமாகச் சொல்ல மனசு வரவில்லை.

777எஃப் என்பது 777-200எல்ஆர் உடம்பில் ஜன்னல் இல்லாமல் கட்டிய விமானம். முதல் விமானத்தை 2009-ல் ஏர் பிரான்ஸ் வாங்கியது. மேல் தளத்தில் 27 பேலட், கீழே 10, மொத்தம் நூறு டன்னுக்குக் கொஞ்சம் மேல். இடது பக்கம் பின்னால் உள்ள கதவு 3.7 மீட்டர் அகலம். ஒரு டெம்போவை அப்படியே ஏற்றலாம். நானே குதிரைகளை ஏற்றியிருக்கிறேன். குதிரைக்காரர் கூடவே வருவார், ஏறும் வரை அதன் நெற்றியில் கை வைத்துக்கொண்டே நிற்பார்.

இந்த நூறு டன்தான் பிரச்சினையும். நம்ம மாவட்டத்துப் பூவும் பழமும் மீனும், கேரளத்துத் தென்பகுதிக் காய்கறியும் சேர்ந்தால்கூட வாரா வாரம் ஒரே நாளில் நூறு டன் தயாராக நிற்கணும். ஓணத்துக்கு முந்தின வாரம் நிற்கும். ஆடியில்? பாதி காலியாகப் பறந்தால் அந்தச் செலவு கிலோக் கூலியில்தான் விழும், அந்தக் கூலியில் மட்டி வாழை துபாயில் விற்காது. பயணி விமானத்தில் எரிபொருள் செலவைப் பெரும்பாலும் டிக்கெட் கட்டிவிடுகிறது, அதனால் வயிற்றில் போகிற கிலோ மலிவு.

ஆனால் 2020 பற்றி அவர் சொன்னதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். நானும் அங்கேதான் இருந்தேன். அந்த வருஷம் எமிரேட்ஸ் சில 777-300ஈஆர்களில் எகானமி இருக்கைகளைக் கழற்றி எடுத்தது. இருக்கை இருந்த இடத்தில் பெட்டி அடுக்கினால் சுமார் 17 டன் கூடுதலாகப் போகும். ஆனால் மேல்தளத்துக்குக் கன்டெய்னர் ஏறாதே, பயணி ஏறுகிற வாசல் வழியாக ஒவ்வொரு அட்டைப்பெட்டியாகக் கை மாற்றித்தான் ஏற்றணும். மருந்தும் முகக்கவசமும்தான் அதிகம். அப்படிப் பறக்க வைத்ததும் ஒரு பயணி விமானத்தைத்தான் என்பதையும் பாருங்கள்.

2021-ல் பழைய 777-300ஈஆர்களையே நிரந்தரச் சரக்கு விமானமாக மாற்றவும் ஒப்பந்தம் போட்டார்கள். கதவு வெட்டி, தளத்தை உரமாக்குகிற வேலை.

#7 | குளச்சல் துறை

அண்ணே, நான் 12-ம் வகுப்பு. விமானம் என்றால் உயிர். எமிரேட்ஸ் 123 ஏ380 வாங்கியது, 2021 டிசம்பரில் கடைசி விமானமும் அவர்களுக்குத்தான் போனது என்று படித்திருக்கிறேன். உலகத்தில் விமான நிறுவனங்களுக்குக் கட்டிக் கொடுத்ததே 251 தான். திருவனந்தபுரத்துக்கு ஏ380 வந்தால் சரக்குப் பிரச்சினையே தீர்ந்துவிடாதா? மும்பை, பெங்களூருக்கு எல்லாம் வருதே.

#8 | தூத்தூர்க் கரை

தம்பி, நீ தெரிந்து வைத்திருக்கிற கணக்கெல்லாம் சரி. ஆனால் இந்த ஒரு விஷயத்தை லோடு கன்ட்ரோல் மேசையில் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும், சொல்கிறேன், நோட்டில் எழுதிக்கொள்.

ஏ380 வயிற்றில் எல்டி3 கன்டெய்னர் 38 தான். அதைவிடச் சின்ன 777-300ஈஆரில் 44. நம்ப முடியாது, ஆனால் அதுதான் உண்மை. உடல் நீளம் பார். ஏ380 72.7 மீட்டர், 777-300ஈஆர் 73.9. உயரமும் இறக்கையும்தான் ஏ380-க்குப் பெரிசு, நீளம் இல்லை.

இப்போது சாமானைக் கழி. நம்ம ஊர் ஆளுக்கு இரண்டு உருப்படி என்று வை. ஒரு கன்டெய்னரில் நான் போட்ட கணக்கு 38 உருப்படி. 777-ல் 354 பேர் என்றால் 708 உருப்படி, 19 கன்டெய்னர் சாமானுக்கே போய்விடும், சரக்குக்கு 25 மிச்சம். ஏ380-ல் 517 பேர், 1,034 உருப்படி, 28 கன்டெய்னர். மிச்சம் வெறும் 10. ஆளை அள்ளிக்கொண்டு போக ஏ380 மாதிரி விமானம் இல்லை, ஆனால் உன் அப்பாவின் நெய்மீன் பெட்டிக்கு 777 தான் நல்லது. ஏ380-க்குத் தனிச் சரக்கு விமானம் செய்யத் திட்டம் இருந்தது, அதுவும் கைவிடப்பட்டது.

ஏ380 எல்லா நிலையத்திலும் இறங்க முடியாது என்பது வேறு. 80 மீட்டர் இறக்கைக்கு ஓடுபாதையும் டாக்ஸி வழியும் அதற்கேற்ற அகலத்தில் வேண்டும். 2014-ல் இந்தியா அனுமதி கொடுத்தபோது டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் என்ற நாலுக்குத்தான்.

#9 | இரணியல் நெசவு

இந்த இழையில் 777 என்று படிக்கிறபோதெல்லாம் எனக்கு 2016 ஆகஸ்ட் 3 நினைவுக்கு வருகிறது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன ஈகே521. விமானத்தில் 300 பேர். அன்று மத்தியானம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் போன் அடித்துக்கொண்டே இருந்தது; யார் ஏறினார்கள், யார் நாளைக்கு ஏறுவதாக இருந்தது என்று. டிவியில் விமானத்தின் மேல்பாகம் எரிந்துபோன படம். 300 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள் என்று கேட்ட நிமிஷத்தை மறக்க முடியாது. தீயணைக்க வந்த வீரர் ஒருவர் இறந்துபோனார். எங்கள் சர்ச்சில் அவருக்காகவும் ஜெபித்தோம்.

அது என்ன வகை 777 அண்ணே? ஏன் அப்படி ஆனது?

#10 | தூத்தூர்க் கரை

அது 'ஈஆர்' இல்லாத பழைய 777-300 அக்கா, ரோல்ஸ்ராய்ஸ் இன்ஜின். சக்கரம் ஓடுபாதையைத் தொட்டுவிட்டது, அப்புறம் மறுபடி மேலே போக முடிவெடுத்தார்கள். வழக்கமாக அமுக்குகிற பொத்தான் சக்கரம் தரை தொட்ட பிறகு வேலை செய்யாது என்பதுதான் அந்த விமானத்தின் அமைப்பு. இன்ஜின் வேகம் கூடவில்லை, விமானம் கொஞ்சம் எழும்பி, சக்கரம் மடங்கும்போதே கீழே வந்துவிட்டது. விசாரணை அறிக்கை 2020-ல் வந்தது. விபத்துக்குப் பிறகு அந்தப் பயண எண்ணை மாற்றிவிட்டார்கள்.

#11 | முட்டம் விளக்கு

நான் வேறு ஒன்று சொல்லணும். மீனும் பூவும் மட்டும் இல்லை வயிற்றில் வருவது.

எங்கள் சித்தப்பா துபாயில் அறையில் தூங்கினபடியே இறந்துபோனார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர டிக்கெட் எடுத்திருந்தார். வந்தார், ஆனால் கார்கோ கேட் வழியாக. நானும் மாமாவும் ஆம்புலன்ஸோடு காத்திருந்தோம். பயணிகள் வெளியே வருகிற பக்கம் ஸ்டார் தொங்கவிட்டு, பாட்டு. இந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் மெதுவாகப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கியது. மெழுகாத மரப்பெட்டி, நாலு மூலையிலும் தகரம் அடித்தது. பக்கவாட்டில் ஏர்வே பில், அதாவது சரக்குச் சீட்டு ஒட்டியிருந்தது. எண், பெறுபவர் என்று என் பெயர், எடை கிலோவில். மாமா அந்தத் தாளைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். பக்கத்திலேயே இன்னொரு பெட்டி, அது நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டுக்கு.

அவரும் இதே மாதிரி ஒரு 777-ல்தான் வந்தார். மேலே இருக்கையில் எங்கள் ஊர்க்காரர்களே நாலு பேர் இருந்திருக்கிறார்கள்.

#12 | தூத்தூர்க் கரை

தம்பி, உங்கள் சித்தப்பாவுக்கு என் அஞ்சலி.

லோடு தாளில் அதற்கு எச்.யு.எம். என்று மூன்று எழுத்துக் குறியீடு. அதைப் பார்த்ததும் எங்கள் மேசையில் பேச்சு நின்றுவிடும். உணவுச் சரக்கோடு சேர்த்து வைக்கக்கூடாது, மேலே எதுவும் ஏற்றக்கூடாது. அதனால் முதலில் அந்தப் பெட்டிக்கு இடம் போடுவோம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். இடம் போதாமல் மீன் பெட்டி மறுநாளுக்குப் போன சந்தர்ப்பம் உண்டு. யாரும் கேள்வி கேட்டதில்லை. அகல உடல் விமானம் வருகிற ஊர் என்றால் அடுத்த விமானத்திலேயே இடம் கிடைக்கும், வீட்டில் காத்திருக்க வேண்டாம். இதையும் நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்கணும்.

#13 | மார்த்தாண்டம் தேன்கூடு

முட்டம் தம்பி எழுதியதைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. 

அண்ணாச்சி, சரி, தினசரி வயிற்று இடம் முக்கியம் என்பதை ஏற்கிறேன். ஓணம், கிறிஸ்துமஸ் சமயத்துக்காவது சரக்கு விமானம் வர அந்த ஆறு நிலையப் பட்டியலில் திருவனந்தபுரத்தையும் சேர்க்கணும் என்ற என் கோரிக்கை நிற்கிறது. அப்புறம் ஒரு கேள்வி: 777 கூட்டி விடச் சொல்ல முடியாதா?

#14 | ஆரல்வாய்மொழிக் காற்று

அதற்கும் பூட்டு இருக்கிறது. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையே வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கை, ஒவ்வொரு தரப்புக்கும். 2014-ல் போட்ட ஒப்பந்தம். எமிரேட்ஸ் கூட்டித் தரச் சொல்லிப் பல தடவை கேட்டிருக்கிறது. ஒப்பந்தம் இருக்கையைத்தான் எண்ணுகிறது, வயிற்றை எண்ணுவதில்லை. அதனால் நாம் கேட்கவேண்டியது இருக்கையை விடச் சரக்குக்கு இடம் தாராளமாக உள்ள விமானம். ஏ350-900-ல் 312 இருக்கை, 36 கன்டெய்னர். அண்ணன் கணக்குப்படி சாமானுக்கு 17 போனால் 19 மிச்சம். 777-ஐ எடுத்துவிட்டு ஏ350 விட்டால் நமக்குக் கொஞ்சம் குறையும். ஆனால் இன்னொரு நிறுவனத்தின் சின்ன விமானம் நிற்கிற இடத்தில் அது வந்தால் பெரிய லாபம்.

#15 | தோவாளைப் பிச்சி

அண்ணே, எனக்கு ஒரு காரியம் மட்டும் சொல்லுங்கள். பதிகிறதுக்கு முன்னாடியே எந்த விமானம் என்று நானே பார்க்க முடியுமா? ஏஜென்ட் "பெரிசுதான்" என்று சொல்வார், அதற்கு மேல் தெரியாது.

#16 | தூத்தூர்க் கரை

பார்க்கலாம். பயண அட்டவணையில் விமானத்துக்கு மூன்று எழுத்துக் குறி இருக்கும். 77டபிள்யூ என்றால் 777-300ஈஆர். 77எல் என்றால் 777-200எல்ஆர், கன்டெய்னர் 32. 359 என்றால் ஏ350-900. 73எச், 7எம்8 இரண்டும் போயிங் 737 வகை, கன்டெய்னர் கிடையாது. 32என் என்பது ஏ320நியோ. ஏ320 வகையில் உயரம் குறைந்த கன்டெய்னர் ஏற வசதி உண்டு, ஆனால் எல்லா நிறுவனமும் அதை வைத்துக்கொள்வதில்லை, கேட்டுக்கொள்ளணும்.

பதிந்த அன்று ஒரு தடவை, பூ பறிக்கச் சொல்வதற்கு முன் ஒரு தடவை பாருங்கள். குறி மாறியிருந்தால் பறிக்கிற அளவைக் குறையுங்கள். இன்னொன்று, பத்மநாபசாமி கோயில் ஆறாட்டு வருகிற பங்குனியிலும் ஐப்பசியிலும் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போகும். அந்தச் சில மணி நேரம் நிலையம் மூடியிருக்கும், விமான நேரம் எல்லாம் முன்பின் தள்ளும். அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

#17 | தோவாளைப் பிச்சி

இப்போதுதான் பார்த்தேன் அண்ணே. வருகிற வியாழக்கிழமைக்கு 77டபிள்யூ என்று காட்டுகிறது. 45 பெட்டி பதிகிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பூ வந்தால் மூன்றரைக்குள் கட்டி முடித்து வண்டி கிளம்பிவிடும்; களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரையில் கூட்டம் சேர்வதற்குள் போய்ச் சேரணும். புதன்கிழமை ராத்திரி மறுபடி குறியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்கிறேன்.